இழந்த மூக்கும் மீண்ட முகமும்

(இளம் அறிவியல் விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

அழகிய குழந்தையைக் கண்டால் "மூக்கும் முழியுமாக இருக்கிறது" என்கிறோம். வாதத்தில் தோற்றவனை "மூக்குடைபட்டான்" என்கிறோம். வியப்பு மேலிட்டால் மூக்கின்மேல் விரலை வைக்கிறோம். எளிதில் சினம் கொள்பவனுக்கு "மூக்குக்கு மேல் கோபம்" என்கிறோம். மூச்சு விடவும் மணம் அறியவும் அமைந்த ஒரு சிறிய உறுப்பு, மானம், அழகு, வியப்பு, சினம் ஆகிய அனைத்திற்கும் நம் மொழியில் அடையாளமாகி நிற்கிறது.

ஆகவேதான் பகைவனை இழிவுபடுத்த நினைத்தவர்கள் அவன் மூக்கின்மேல் கை வைத்தார்கள். இலக்குவன் சூர்ப்பணகையின் மூக்கை அறுத்த கதையை அறியாதார் இல்லை. வரலாற்றிலும் சான்று உண்டு. மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், மைசூர் மன்னன் கண்டீரவ நரசராசன் படையெடுத்தபோது, பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்து மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள் என்று கூறப்படுகிறது. அதற்குப் பழிவாங்க நடந்த போருடன் சேர்த்து இதனை "மூக்கறுப்புப் போர்" என்றே வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

வாளால் மூக்கை இழந்தவர்களைவிட நோயால் மூக்கை இழந்தவர்களே உலகில் மிகுதி. அந்த நோய்களுள் ஒட்டுண்ணிகளால் வருவன யாவை? அவை மூக்கை எவ்வாறு அழிக்கின்றன? அழிந்த மூக்கை மருத்துவர்கள் எவ்வாறு மீண்டும் அமைக்கின்றனர்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மூக்கின் மூன்று அடுக்குகள்

மூக்கு வெறும் தோல் அன்று. வீட்டைப் போல அதற்கும் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே தெரிவது தோல். உள்ளே நாசித் துளைகளைப் போர்த்தியிருப்பது ஈரப்பசையுள்ள சளிச்சவ்வு. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று மூக்கைத் தாங்குவது எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த சட்டம். மேற்பகுதி எலும்பு, விரலால் அசைத்தால் வளையும் கீழ்ப்பகுதி குருத்தெலும்பு. இரு நாசிகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியும் குருத்தெலும்பே.

குருத்தெலும்பிற்குத் தனக்கென இரத்தக் குழாய்கள் இல்லை. அதனைப் போர்த்தியுள்ள சவ்வின் வழியாகவே அதற்கு உணவு செல்கிறது. சவ்வு புண்பட்டு அழிந்தால் குருத்தெலும்பு பட்டினி கிடந்து மடியும். நடுச்சுவரில் துளை விழும். பின்னர் மூக்கின் நுனி தாழும். இறுதியில் மூக்கு முழுவதும் அமுங்கிவிடும். இந்த ஒழுங்கை மனத்திற் கொண்டால் பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

மூக்கை அழிக்கும் ஒட்டுண்ணி

தென் அமெரிக்கக் காடுகளை ஒட்டி வாழும் மக்களிடையே ஒரு கொடிய நோய் உண்டு. அதனை உண்டாக்குவது லீஷ்மேனியா பிரேசிலியென்சிஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி. கொசுவினும் சிறியதான மணல் ஈ கடிக்கும்போது இவ்வுயிரி மனித உடலுக்குள் புகுகிறது. நோய்க்கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய நம் விழுங்கணுக்களுக்குள்ளேயே புகுந்து, அங்கேயே பிளவுற்றுப் பெருகுவது இதன் இயல்பு. காவற்காரன் வீட்டிலேயே திருடன் குடியிருப்பதைப் போன்றது இது.

முதலில் கடித்த இடத்தில் ஒரு புண் தோன்றும். அது மாதக்கணக்கில் இருந்து ஆறிவிடும். நோய் போயிற்று என்று நோயாளி மகிழ்கிறார். சிலருக்கு மட்டும், மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், மூக்கடைப்பும் இரத்தக் கசிவும் தோன்றுகின்றன. சளிச்சவ்வு புண்ணாகிறது, நடுச்சுவர் துளைபடுகிறது, நுனி சரிகிறது. மேலுதடும் அண்ணமும் தொண்டையும்கூடப் பாதிக்கப்படலாம். இந்நிலையில் புண்ணிலிருந்து எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டுண்ணிகள் மிகச் சிலவே தென்படும். அப்படியாயின் இவ்வளவு அழிவையும் செய்தது எது? அந்தச் சில கிருமிகளுக்கு எதிராக நம் உடல் எழுப்பும் அளவு கடந்த எதிர்ப்பே பெரும்பகுதி அழிவைச் செய்கிறது. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்திய கதைதான்.

இந்நோய் புதியதன்று. பெரு நாட்டின் பழைய மோச்சே மக்கள் செய்த மட்பாண்டங்கள் சிலவற்றில் மூக்கும் மேலுதடும் அழிந்த முகங்கள் காணப்படுகின்றன. அவை இந்நோயாளிகளின் உருவங்களே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. பிரேசில் நாட்டு இளம் மருத்துவர் காஸ்பர் வியன்னா, 1912இல் ஆண்டிமனி உப்பு ஒன்றால் இந்நோயைத் தீர்க்கலாம் எனக் கண்டார். பிணப் பரிசோதனையின்போது தொற்றிய காசநோயால் 1914இல் தம் இருபத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார்.

சென்னையில் கண்ட கிருமி

இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்தின் பெயர் வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். வயிறு புடைத்து, மண்ணீரல் வீங்கி, மாதக்கணக்கில் காய்ச்சலால் மெலிந்து மடிந்தவர்களை மருத்துவர்கள் நெடுங்காலம் மலேரியா நோயாளிகள் என்றே எண்ணினர். கொயினா கொடுத்தும் அவர்கள் தேறவில்லை. வடநாட்டில் "காலா அசார்" எனவும், தமிழில் கருங்காய்ச்சல் எனவும் வழங்கும் நோய் அது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டோனவன், அரசு பொது மருத்துவமனையில் இறந்த நோயாளிகளின் மண்ணீரலை ஆராய்ந்து, 1903ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலேரியாக் கிருமியல்லாத வேறு நுண்ணிய உருவங்களைக் கண்டார். அடுத்த மாதமே உயிருடன் இருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலிலும் அவற்றைக் கண்டார். அதற்குச் சற்று முன்னர் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் என்பவர், கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பணியாற்றி நோயுற்று இறந்த ஒரு படைவீரரின் உடலில் கண்ட இதே உருவங்களைப் பற்றி எழுதியிருந்தார். மலேரியா ஆய்வில் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ், இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவனி என அக்கிருமிக்குப் பெயர் சூட்டினார். இந்நோய்க்கு யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் உருவாக்கிப் பல உயிர்களைக் காத்தவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி.

நம் நாட்டு லீஷ்மேனியா மண்ணீரலையும் ஈரலையும் எலும்பு மச்சையையும் தாக்குமே தவிர, அமெரிக்க வகையைப் போல மூக்கை அழிப்பதில்லை. ஆயினும் அது முகத்தைத் தொடாமல் விடுவதுமில்லை. கருங்காய்ச்சல் குணமான சிலருக்கு, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, முகத்தில் வெளிறிய தேமல்களும் சிறு கட்டிகளும் தோன்றுகின்றன. வாயைச் சுற்றியும் மூக்கின் ஓரங்களிலும் மோவாயிலும் இவை மிகுதி. பார்ப்பவர் தொழுநோய் என்றே மயங்குவர். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு வருவேன்.

நம்மிடையே மூக்கைக் கெடுக்கும் நோய்கள்

தமிழகத்தின் தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் குளம் குட்டைகளில் குளிப்போரிடையே காணப்படும் மூக்குச் சதை நோய் ஒன்று உண்டு. ரைனோஸ்போரிடியம் என்னும் உயிரி இதற்குக் காரணம். செம்மண் நிறத்தில் வெண்புள்ளிகளுடன் வளரும் அச்சதை தொட்டாலே இரத்தம் கசியும். நெடுங்காலம் பூஞ்சைக் காளான் எனக் கருதப்பட்ட இவ்வுயிரி, மரபணு ஆய்வுகளின்பின் 1999இல் நீர்வாழ் ஒட்டுண்ணிகள் சிலவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது எனத் தெளிவாயிற்று. சதையை வெட்டி அதன் அடிப்பகுதியைச் சுட்டுவிடுவதே சிகிச்சை. நல்வாய்ப்பாக இது மூக்கின் சட்டத்தை அழிப்பது அரிது.

மூக்கில் புழு வைப்பது மற்றொன்று. உணர்ச்சியற்று நாற்றமடிக்கும் மூக்கில் சில வகை ஈக்கள் முட்டையிடுகின்றன. பொரித்த புழுக்கள் உயிருள்ள சதையையே தின்கின்றன. பராமரிப்பாரற்ற முதியோரிடமும் பழைய மூக்கு நோயுள்ளோரிடமும் இதனைக் காணலாம். புழுக்களை அகற்றியபின் மூக்கில் துளையும் பள்ளமும் எஞ்சுவது உண்டு.

ஆனால் நம் நாட்டில் மிகப் பலரின் மூக்கை அழித்தது தொழுநோயே. இதனை உண்டாக்குவது ஒட்டுண்ணி விலங்கு அன்று, பாக்டீரியா. உடலின் குளிர்ந்த பகுதிகளை இக்கிருமி விரும்பும். ஒவ்வொரு மூச்சிலும் காற்றால் குளிரும் மூக்கின் உட்சவ்வு அதற்கு ஏற்ற இடம். சவ்வு அழிய, நடுச்சுவர் அழிய, தாங்கும் எலும்பும் கரைய, மூக்கு உள்ளே அமுங்குகிறது. அப்போதும் வெளித்தோல் பெரும்பாலும் அழியாமல் இருக்கும். நடுக்கால் முறிந்த பந்தலில் கூரை அப்படியே சரிந்து கிடப்பதைப் போல, தோல் இருந்தும் மூக்கு இராது.

பூனாவில் நடந்த அறுவை

இழந்த மூக்கை மீண்டும் அமைக்கும் கலை இந்தியாவில்தான் தோன்றியது. சுசுருத சம்கிதை இதனை விளக்கமாகக் கூறுகிறது. அந்நூலின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இழந்த மூக்கின் அளவிற்கு ஓர் இலையைக் கத்தரித்து, அந்த அளவில் கன்னத்தின் தோலை எடுத்து, ஒரு பக்கம் உடலோடு ஒட்டியிருக்கவே விட்டு, மூக்கின்மேல் பொருத்தித் தைத்து, நாசித் துளைகள் அடைபடாமல் இரு சிறு குழல்களைச் செருக வேண்டும் என்பது அதன் முறை.

இக்கலை மேலைநாட்டவர் கண்ணுக்குத் தெரிந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் படையினரிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மூக்கின்றி இருந்த அவருக்குப் பூனாவை அடுத்து ஒருவர் புதிய மூக்கு அமைத்தார். அவர் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்தவர். அவருடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பார்த்த ஆங்கிலேய மருத்துவர்களின் பெயர்கள் உள்ளன; மூக்கிழந்தவரின் பெயர் உள்ளது; மூக்கை அமைத்தவரின் பெயர் மட்டும் இல்லை.

1794ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் வெளிவந்த ஜென்டில்மன்ஸ் மேகசின் இதழ் அம்முறையை விவரித்தது. மெல்லிய மெழுகுத் தகட்டால் மூக்கின் வடிவம் செய்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியின்மேல் வைத்துக் கோடு கிழித்தார். அக்கோட்டின்படி தோலை உரித்து, இரு புருவங்களுக்கு இடையே ஒரு சிறு காம்பு போன்ற பகுதியை மட்டும் அறுக்காமல் விட்டார். தோலைத் திருப்பிக் கீழே இறக்கி, மூக்கின் அடியில் கீறிய பள்ளத்தில் அதன் விளிம்பைச் செருகினார். காசுக்கட்டியை நீரில் குழைத்துத் துணித் துண்டுகளில் தடவி மேலே ஒட்டினார். நான்கு நாள் கழித்து அவற்றை எடுத்து நெய் தோய்த்த துணி வைத்தார். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள் அந்தக் காம்பை அறுத்தார்.

அந்தக் காம்புதான் இம்முறையின் உயிர்நாடி. புருவத்தின் உள்முனைக்கு அருகில் மேலேறும் ஒரு நாடி அக்காம்பின் வழியே தோலுக்கு இரத்தம் கொண்டு செல்கிறது. புதிய இடத்தில் தோல் வேர்பிடித்து, அங்குள்ள இரத்தக் குழாய்களோடு இணைய ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகின்றன. அதுவரை பழைய வழி அடைபடலாகாது. பதியம் போட்ட மல்லிகைக் கொடியைத் தாய்ச்செடியிலிருந்து எப்போது வெட்டுவது என்பதை அறிந்த தோட்டக்காரனின் அறிவும் இதுவும் ஒன்றே.

இச்செய்தியைப் படித்த லண்டன் மருத்துவர் ஜோசப் கார்ப்யூ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தக்க நோயாளிக்காகக் காத்திருந்து, 1814 அக்டோபர் 23ஆம் நாள் அம்முறையில் அறுவை செய்தார். 1816இல் அதனை நூலாக வெளியிட்டார். மயக்க மருந்து வழக்கிற்கு வந்தது 1846இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்நோயாளிகளின் மனத்திண்மை புலப்படும். இன்றும் உலகெங்கும் பெரிய மூக்கிழப்பிற்கு நெற்றித் தோலே முதல் தெரிவாக உள்ளது. அதற்கு "இந்திய முறை" என்றே பெயர்.

காத்திருப்பும் ஒரு சிகிச்சையே

லீஷ்மேனியா நோயாளிக்கு இந்த அறுவையைச் செய்ய வேண்டுமாயின் மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது காத்திருப்பது. ஆண்டிமனி, ஆம்போடெரிசின் முதலிய மருந்துகளால் நோயை முற்றிலும் தீர்த்து, வழக்கமாக ஓராண்டு அளவேனும் அது திரும்பவில்லை என உறுதி செய்துகொண்டே கத்தியைத் தொடுவர். அறுவையால் உண்டாகும் புண்ணே உறங்கும் நோயை எழுப்பிவிடக்கூடும். எழுந்தால் பழைய மூக்கிற்கு நேர்ந்ததே புதிய மூக்கிற்கும் நேரும்.

அதன்பின் மூன்று அடுக்குகளையும் அமைக்க வேண்டும். உட்போர்வைக்கு எஞ்சிய சவ்வையோ மடித்த தோலையோ பயன்படுத்துவர். சட்டத்திற்கு விலா எலும்பின் முனையிலுள்ள குருத்தெலும்பையோ காதின் குருத்தெலும்பையோ செதுக்கி வைப்பர். மேற்போர்வைக்கு நெற்றித் தோல். இம்மூன்றில் ஒன்றை விட்டாலும் ஆறும் தழும்பு சுருங்கி மூக்கை உள்ளே இழுத்துவிடும். பழைய அறுவைகளில் பல மூக்குகள் சில ஆண்டுகளில் சுருங்கியதற்குச் சட்டமும் உட்போர்வையும் இல்லாமையே காரணம்.

உள்ளிருந்து எழுப்பிய மூக்கு

தொழுநோயால் அமுங்கிய மூக்கிற்கு நெற்றித் தோல் தேவையில்லை, வெளித்தோல்தான் இருக்கிறதே. குறைவது உட்போர்வையும் சட்டமும். ஆங்கிலேய ஒட்டறுவை மருத்துவர் ஹெரால்டு கில்லிஸ் இதற்கு ஒரு வழி கண்டார். மேலுதட்டின் உட்புறம் ஈறுக்கு மேலே கீறி, அவ்வழியே புகுந்து, எலும்போடு ஒட்டிச் சுருங்கிக் கிடக்கும் தோலை விடுவித்துத் தூக்குவர். பல் மருத்துவர் அச்செடுக்கப் பயன்படுத்தும் பொருளால் ஓர் அச்சுச் செய்து, அதன்மேல் உடலின் வேறிடத்துத் தோலைப் போர்த்தி உள்ளே வைப்பர். அத்தோல் ஒட்டிக்கொண்டதும் உட்போர்வை கிடைத்துவிடும். பின்னர் எலும்பு ஒட்டு வைத்து மூக்கை நிமிர்த்துவர். முகத்தின்மேல் ஒரு தழும்பும் விழாது. இம்முறையை இந்தியாவில் தொழுநோயாளருக்குப் பெருமளவில் செய்தவர்களுள் கில்லிஸின் மாணவர் என். எச். அந்தியா குறிப்பிடத்தக்கவர்.

இவ்வரலாற்றில் நம் பகுதிக்கும் பங்குண்டு. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வழியே சென்றால் செங்கல்பட்டு. அதனை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1955இல் நடுவண் அரசு அதனை ஏற்று, தொழுநோய்க் கல்வி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. ராபர்ட் காக்ரேன் அங்கே பணியாற்றியபோது, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் பிற்பகுதியில் அதனைப் பார்க்க வந்தார். மடங்கிய விரல்களையுடைய நோயாளிகளைக் கண்டு, இவர்களுக்கு ஏன் யாரும் அறுவை செய்வதில்லை எனக் கேட்டார். அக்கேள்வியிலிருந்து பிறந்ததே வேலூரின் மறுவாழ்வு அறுவை மருத்துவம். முதலில் கைகளையும் பின்னர்க் கால்களையும் சீராக்கிய அக்குழுவினர், முகத்தையும் சீராக்காமல் நோயாளியை ஊர் ஏற்காது என்பதை உணர்ந்தனர். மூக்கை நிமிர்த்தினர், உதிர்ந்த புருவத்திற்குத் தலைமுடியுள்ள தோலை வைத்தனர். வேலை செய்யக் கை போதும். ஆனால் வேலை கேட்டுப் போக முகம் வேண்டும்.

எங்கள் தெருவில்

திருப்பெரும்புதூர் முன்பு இராமானுசர் பிறந்த ஊர் என்று மட்டுமே அறியப்பட்டது. இன்று இங்கிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலைகள். எங்கள் தெருவில் நெல் உலர்த்திய களங்களில் வாடகை அறைகள் எழும்பியுள்ளன. பீகார், ஜார்க்கண்ட், ஒரிசா இளைஞர்கள் அறைக்கு எண்மர் பதின்மராகத் தங்கி ஷிப்ட் வேலைக்குச் செல்கின்றனர்.

சென்ற ஆண்டு எங்கள் அறை ஒன்றில் தங்கியிருந்த பீகார் இளைஞர் ஒருவர் வெயில் இல்லாத நேரத்திலும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார். மூக்கின் இருபுறமும் மோவாயிலும் வெளிறிய திட்டுகள். உடன் தங்கியவர்கள் அவருடைய தட்டையும் தம்ளரையும் வெளியே வைத்துவிட்டனர். ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் இனி வரவேண்டாம் என்றார். தெருவில் சிலர் என் தந்தையிடம் "அந்தத் தம்பியைக் காலி பண்ணச் சொல்லுங்கண்ணே, பிள்ளைங்க இருக்கிற இடம்" என்றனர்.

நான் எங்கள் விலங்கியல் ஆசிரியரிடம் கூறினேன். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள். "அந்தத் திட்டில் தொட்டால் அவருக்கு உணர்ச்சி இருக்கிறதா? சிறு வயதில் நீண்ட காய்ச்சலில் கிடந்தாரா?" உணர்ச்சி இருந்தது. பத்து வயதில் மாதக்கணக்கில் காய்ச்சல், வயிறு வீங்கி ஊசி போட்டார்கள் என்று அவர் அரைகுறைத் தமிழில் சொன்னார். சென்னையில் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு என் தந்தையே அழைத்துச் சென்றார். திட்டிலிருந்து எடுத்த தோல் மாதிரியை ஆராய்ந்து, கருங்காய்ச்சலுக்குப் பின் வரும் தோல் நோய் என்றார்கள். 1903இல் டோனவன் சென்னையில் கண்ட அதே கிருமி. பன்னிரண்டு வாரங்கள் உட்கொள்ள மாத்திரை தந்தார்கள்.

தொழுநோய்த் திட்டுகளில் பொதுவாக உணர்ச்சி குன்றும், நரம்பு தடிக்கும். இந்நோயில் உணர்ச்சி இருக்கும். இவ்வேறுபாடு ஐயத்தை எழுப்பப் போதுமே தவிர முடிவு கூறப் போதாது, முடிவு ஆய்வுக்கூடத்தில்தான். இரண்டுமே மருந்தால் தீரும். தொழுநோய்க்கு உலக நலவாழ்வு நிறுவனம் 1982இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது. மற்றது தொடுவதாலும் உடன் உண்பதாலும் பரவாது. ஆயினும் அத்திட்டுகளில் வாழும் ஒட்டுண்ணியை மணல் ஈ எடுத்துச் சென்று பிறருக்குக் கொடுக்கக்கூடும். எனவே நோயாளியை விரட்டினால் நோய் வேறிடத்தில் பரவும். மருந்து கொடுத்தால் நோய் அங்கேயே முடியும். விரட்டுவது ஊருக்கும் நன்மையன்று என்பது இதனால் தெளிவு.

அந்த இளைஞர் மாத்திரைகளை முடித்தார். திட்டுகள் மறையப் பல மாதங்கள் ஆகும் என்றார்கள். ஆனால் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. எஞ்சிய வாடகையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் புறப்பட்டார். வேண்டாம் என்று என் தந்தை சொல்லியும் கேட்கவில்லை.

முடிவுரை

தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்கிற்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதிகள் 2019இல் நீக்கப்பட்டன. கருங்காய்ச்சலும் நம் நாட்டில் பெரிதும் குறைந்துவிட்டது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் ஒட்டறுவைத் துறைகள் சிறந்து விளங்குகின்றன. ஏழை ஒருவர் இழந்த மூக்கை மீண்டும் பெற இன்று வழி உண்டு. ஆனால் மூக்கை அமைக்கும் நிலை வருமுன் நோயைக் கண்டறிவதே சிறப்பு. அதற்கு நோயாளி துண்டை விலக்கி முகத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் சோறும் அறையும் வேலையும் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை அவர் காட்டமாட்டார்.

விலங்கியல் பயிலும் நாம் ஒட்டுண்ணிகளின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் பெறுகிறோம். அப்படத்தில் மணல் ஈ ஒரு புறமும் மனிதன் ஒரு புறமும் இருக்கின்றனர். அந்த மனிதன் நம் தெருவிலும் குடியிருக்கலாம். ஆகவே நண்பர்களே, வெளிறிய திட்டுடன் முகத்தை மறைத்துச் செல்லும் ஒருவரைக் கண்டால் தள்ளி நிற்க வேண்டாம். அருகில் சென்று, அரசு மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்து எது எனச் சொல்லுங்கள். இயன்றால் உடன் செல்லுங்கள்.